ஓடாத காருக்குச் சாத்திரம் சொன்னவர்

வெள்ளிக்கிழமை தோறும் காலை எட்டு மணிக்கு எங்கள் கொட்டிலில் நிற்கும் காரைப் பத்து நிமிடம் ஸ்ரார்ட் செய்து வைப்பது என் வேலை. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அப்படி இருந்தபோது ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று ஒழுங்கையால் வந்தது. எங்கள் பக்கத்தில் செத்தவீட்டுச் செய்தி இப்படித்தான் வரும். காரை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தேன். இளைப்பாறிய காப்புறுதி மதிப்பீட்டாளர் ஞானசேகரம் காலமானார் என்றார்கள். இனி இந்தக் காரின் கிலோமீற்றரை யார் வந்து பார்ப்பார்கள் என்பதுதான் எனக்கு முதலில் வந்த நினைப்பு. அழுகை வரவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதும்படி அவருடைய மகள் சுகந்தி வந்து கேட்டாள். "பிள்ளை, எனக்கும் உங்கடை அப்பாவுக்கும் ஒத்துவராது எண்டு ஊருக்கே தெரியும்" என்றேன். "தெரியும் ரீச்சர். வந்த கட்டுரையள் எல்லாத்திலையும் அப்பா தெய்வமாக் கிடக்கிறார். ஆளைக் காணேல்லை. நீங்கள் உள்ளதை எழுதுங்கோ" என்றாள். கேட்டது அவள். ஆகவே அவரை அறிந்த நீங்கள் என்னைக் கோபிக்க வேண்டாம்.

ஊர் அவருக்கு வைத்த பெயர் கார்ச் சாத்திரியார். நாங்கள் பிறந்த பிள்ளைக்குக் குறிப்புப் பார்ப்பது போல அவர் மற்றவர்கள் வாங்கிய காருக்குப் பார்த்தார். எந்தக் கார் முப்பது வருடம் கழித்துத் தேடப்படும், எது பழைய இரும்புக்குப் போகும் என்று நின்ற நிலையில் சொல்லுவார். ஒரு கலியாண வீட்டில், மாப்பிள்ளை வந்து இறங்கிய புதுக் காரைச் சுற்றிவந்து, எல்லோர் முன்னிலையிலும் தீர்ப்புச் சொன்னார். "உது பற்றரிக் கார். பற்றரி செத்தால் உதுவும் செத்தது. இருபது வருசத்திலை உதைத் திருத்த ஒரு குஞ்சும் இராது." மாப்பிள்ளையின் தகப்பன் சாப்பிடாமலே எழுந்து போனார். இவர் இரண்டாந்தரம் பாயாசம் வாங்கிக் குடித்தார். இத்தனைக்கும் அவருக்குக் கார் ஓடத் தெரியாது. இடிபட்ட கார்களைக் குனிந்து பார்த்தே உத்தியோக காலத்தைக் கழித்தவர், கடைசிவரை சைக்கிளில் திரிந்தார்.

என் தம்பி கனடாவிலிருந்து ஊருக்கு வந்த வருடம், தான் வந்து போகும்போது ஓட என்று ஒரு சின்ன யப்பான் கார் வாங்கினான். கையால் கியர் மாற்றும் கார். ஞானசேகரத்தார் அதைக் கேள்விப்பட்டு அழையாமலே வந்தார். கதவைத் திறந்து, உள்ளே மூக்கை நீட்டி மணந்து பார்த்தார். பிறகு தம்பியின் தோளில் கை போட்டார். "தம்பி, இனி வாறவங்களுக்குக் கிளட்ச் எண்டால் என்னவெண்டே தெரியாது. அப்ப உதைத் தேடி உலகமெல்லாம் அலைவாங்கள். கார் செய்யிறவன் ஓடத்தான் செய்யிறான். நாங்கள் நிப்பாட்டத்தான் வாங்கவேணும்." சீற்றுப் பொலித்தீனைக் கழற்றக்கூடாது, ஒரு கீறல் விழக்கூடாது, கிலோமீற்றர் கூடக்கூடாது. தம்பி தலையாட்டினான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துக் கனடாவுக்கு அறிவிக்கும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். சம்பளம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நிறுத்தியிருக்கலாம்.

நான் கணக்குப் படிப்பித்தவள். பிழையான விடையைப் பார்த்தால் சும்மா இருக்க வராது. "ஞானசேகரண்ணை, இண்டைக்குக் கொழும்பாக்கள் வந்து எங்கடை பழைய ஒஸ்ரின் காரையும் மொறிஸ் மைனரையும் தேடுகினமே, அதெல்லாம் பொலித்தீன் போட்டு வைச்சதோ?" என்று கேட்டேன். பெற்றோல் வராத சண்டைக் காலத்தில் அந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. என் மூத்தவன் வயிற்றில் இருந்தபோது என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அப்படியொரு ஒஸ்ரின்தான். ஓடியபடியால்தான் சனம் அவற்றைத் திருத்தித் திருத்தி வைத்திருந்தது. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ரீச்சர், பாவிக்கிறவனுக்கு அது கார். வைச்சிருக்கிறவனுக்கு அது சொத்து. நீங்கள் கதைக்கிறது வேறை." கேள்விக்கு அது விடையே அல்ல. வகுப்பில் என்றால் வெளியே நிறுத்தியிருப்பேன்.

அதற்குப் பிறகுதான் என் கணவருக்குச் சிறுநீரகம் பழுதானது. கிழமைக்கு இரண்டு தரம் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். ஓட்டோவின் குலுக்கலில் குடித்த தண்ணீரையும் சத்தியாக எடுத்துவிடுவார். ஆகவே நெல்லியடிச் சந்தியில் பஸ் ஏறினோம். போகும்போது பரவாயில்லை. திரும்பும்போது கால் நடுங்கும். யாராவது இடம் தந்தால் இருப்பார், தராவிட்டால் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பார். வீட்டுக் கொட்டிலில் கார் நின்றது. எனக்கு லைசென்ஸ் இருந்தது. ஆனால் நாங்கள் குடியிருந்தது தம்பி கட்டிய வீடு. காரும் அவனுடையது. அவனாகச் சொல்லட்டும் என்று பார்த்திருந்தேன். அவன் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை.

ஒருநாள் மழை, பஸ்காரர் வேலைநிறுத்தம். அன்று நான் காரை எடுத்தேன். கணவர் முன் சீற்றில் பொலித்தீனுக்கு மேல் இருந்து, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, வல்லை வெளிக் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு வந்தார். "நீர் நல்லாத்தான் ஓடுறீர்" என்றார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் கால் நடுங்காமல் வீடு வந்து சேர்ந்தார்.

இரண்டு கிழமைக்குப் பின் ஞானசேகரத்தார் வந்தார். கொட்டிலுக்குள் போய்க் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் செத்தவீட்டுக்குப் போனவரின் முகமாக இருந்தது. "ரீச்சர், ஐம்பத்தாறு கூடியிருக்கு."

காரணத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். "நான் உங்களிலை பிழை சொல்லேல்லை. நடந்ததைத் தம்பிக்கு அறிவிக்கவேணும், அவ்வளவுதான்" என்றார். அன்று பின்னேரமே தம்பி போன் எடுத்தான். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "அக்கா, ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். அது ஓடுற கார் இல்லையெல்லே" என்றான். பக்கத்தில் கட்டிலில் இருந்த என் கணவருக்கு எல்லாம் கேட்டது. நான் போனை வைத்ததும் அவர் சொன்னார்: "இனி நான் அதிலை ஏறமாட்டன். நீர் என்னைக் கேளாதையும்."

நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்தது பதினான்கு மாதங்கள். அவ்வளவும் பஸ். பஸ்ஸால் அவர் சாகவில்லை, நோயால்தான் செத்தார், அது எனக்குத் தெரியும். ஆனால் கம்பியில் நெற்றியை வைத்து நின்ற அந்த மனிதனை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். செத்தவீட்டுக்கு ஞானசேகரத்தாரும் வந்தார். பந்தலின் கீழ்க் கதிரையில் இருந்து, என் கையைப் பிடித்து, சரியான துக்கத்தோடு இரண்டு சொல் சொன்னார். பிறகு கொட்டில் பக்கம் பார்த்தார். "மழைத்தண்ணி காருக்கு மேலை ஒழுகுதோ ரீச்சர்?" என்று கேட்டார். அந்த இடத்தில் அவரை எழும்பிப் போகச் சொல்லாமல் விட்டேனே என்று இன்றைக்கும் மனம் கொதிக்கிறது.

அவர் சொன்ன சாத்திரம் பலித்துவிட்டது என்பதையும் எழுதத்தான் வேண்டும். அரசாங்கம் இறக்குமதியைத் தடுத்து வெளிநாட்டுக் கார்கள் வராமல் நின்ற வருடங்களில், விலை கேட்டுப் பலர் எங்கள் படலையைத் தட்டினார்கள். கொழும்பிலிருந்து ஒருவர் வந்து, பொலித்தீனைத் தடவிப் பார்த்து, கோயில் விக்கிரகத்தைக் கண்டவர் போல நின்றார். கனடாவில் தம்பிக்கு மகிழ்ச்சி. எனக்கு அது பலிக்காமல் போயிருந்தால் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்.

கடைசியாக அவர் வந்தது இந்த வருடத் தொடக்கத்தில். கால் இரண்டும் வீங்கி, சைக்கிள் மிதிக்க முடியாமல் ஓட்டோவில் வந்திருந்தார். குனிய முடியவில்லை, ஆனாலும் குனிந்தார். வெளியே வந்தபோது ஓட்டோ போய்விட்டது, மழையும் தூறத் தொடங்கியது. "ஏறுங்கோ ஞானசேகரண்ணை, காரிலை கொண்டுபோய் விடுறன்" என்றேன். நக்கலாகத்தான் கேட்டேன். அவர் அதை நக்கலாக எடுக்கவில்லை. "ஐயோ வேண்டாம் ரீச்சர், கிலோமீற்றர் கூடும்" என்று பதறினார். குடையை விரித்து, வீங்கிய காலை இழுத்து இழுத்துச் சந்திவரை நடந்தே போனார். படலையடியில் நின்று அவர் முடக்கில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அந்த மனிதர் தான் சொன்னதை நம்பினார், நம்பினபடி நடந்தார். நான் அதில் ஒரு சொல்லையும் நம்பவில்லை. நம்பாமலே கீழ்ப்படிந்தேன். அவர் செய்ததெல்லாம் ஒரு எண்ணைப் பார்த்துச் சொன்னதுதான். அந்தப் பதினான்கு மாதமும் கார்ச் சாவி என் மேசை லாச்சியில் கிடந்தது. "வாருங்கோ, ஏறுங்கோ, தம்பி கத்தினால் கத்தட்டும்" என்று என் மனிசனின் கையைப் பிடித்து இழுக்க என்னைத் தடுத்தவர் ஒருவரும் இல்லை.

சுகந்தி, "அப்பாவிட்டையிருந்து நீங்கள் எதை வைச்சுக்கொள்ளப் போறியள் எண்டதையும் எழுதுங்கோ" என்று போகும்போது சொன்னாய். அவர் மேலுள்ள கோபத்தைத்தான் வைத்துக்கொள்ளப் போகிறேன். அதை நான் விடமாட்டேன். விட்டால், கோபிப்பதற்கு எனக்கு மிஞ்சுவது நான் ஒருத்திதான்.