பின்னால் கூப்பிடாதே

பலெர்மோவுக்கு வந்து ஏழாம் வருடம், 2006 கோடையில், ஒரு பழைய ரூலோத் வாங்கினேன். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப்போகும் சிறு வீடு அது. மனைவி வீட்டுவேலை செய்த இடத்து முதலாளியம்மா, அந்தச் சிஞ்ஞோராதான் விற்றார். கொக்கியின் பிடி மேலே நின்றால் அது பூட்டவில்லை என்று அவர் இத்தாலியனில் சொன்னதை, மனைவிதான் எனக்குத் தமிழில் விளக்கினாள்.

ஞாயிறு காலை, ஒரேத்தோ பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் வெள்ளோட்டம். நானே கொழுவினேன். சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, கும்பிட்டுவிட்டுக் காரை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தபோது மனைவி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சந்தோஷம் என்று நினைத்தேன்.

முதல் ஏற்றத்திலேயே ரூலோத் கழன்று, பின்னால் உருண்டு, சுவரில் மோதி நசுங்கியது. வீதியில் வந்த ஒரு கிழவர் மயிரிழையில் தப்பினார்.

ஓடி வந்தவளிடம் கத்தினேன். "பாத்துக்கொண்டுதானே நிண்டனீ?"

"ஓம். கார் வெளிக்கிட்டாப் பிறகுதான் பிடி மேலை நிண்டதைக் கண்டனான். பின்னாலை கூப்பிட்டால் ஏசுவியளெல்லே."

முந்திய வருடம், வதிவிட அனுமதி புதுப்பிக்கப் புறப்பட்ட என்னை, குடையை மறந்துவிட்டதாகப் பின்னாலிருந்து கூப்பிட்டாள். அன்று அலுவல் சரிவரவில்லை. அவள் குரல்தான் காரணம் என்று ஒரு கிழமை திட்டியிருந்தேன்.

ரூலோத் பழைய இரும்புக்குப் போனது. இனிக் கூப்பிடு என்று நானே பலமுறை சொல்லிவிட்டேன். இன்றும் நான் புறப்படும்போது அவள் வாசலில் பேசாமல்தான் நிற்கிறாள். எதையாவது மறந்துவிட்டேனா என்று நான்தான் திரும்பி அவள் முகத்தைப் பார்க்கிறேன்.