குலப்பெயர் ஆராய்ந்த நல்லப்பன்

2002-ல் கொல்லிமலைப் பள்ளிக்கு என்னை மாற்றியிருந்தார்கள். பதினொன்றாம் வகுப்புக்கு ரோமப் பேரரசு வீழ்ந்த கதையைத் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தேன். வாசலில் ஓர் அம்மாள் துணிப்பையோடு வந்து நின்றார். முன்பு காளப்பநாயக்கன்பட்டியில் என்னிடம் படித்த நல்லப்பனின் தாய்.

நல்லப்பன் ஜெர்மனிக்கு ஆராய்ச்சி செய்யப் போய், அங்கே சாலை விபத்தில் இறந்துபோனான். சோறு போடாத படிப்பு என்று ஊரே கேலி செய்தபோதும் சரித்திரம்தான் வேண்டும் என்று நின்ற பிள்ளை.

அந்த அம்மாள் பையிலிருந்து அவனுடைய ஆய்வேட்டை எடுத்தார். முழுக்க ஆங்கிலம்.

"ஏனுங்க சார், எம்பையன் இத்தன வருசமா என்னத்தைங்க படிச்சான்? கேக்கறவங்களுக்குச் சொல்லத் தெரியலீங்க. பெத்தவ எனக்காச்சும் தெரியோணுமுங்க."

ஸ்டாஃப் ரூமில் உட்கார வைத்து, எனக்குப் புரிந்த அளவில் சொன்னேன். பழைய ஜெர்மானியக் குலங்களுக்குப் பெயர் எப்படி வந்தது என்பதுதான் ஆராய்ச்சி. சாக்சன் என்ற பெயர் அவர்கள் வைத்திருந்த கத்தியின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். லங்கோபார்டு என்றால் நீளத் தாடிக்காரர்கள். ஜெர்மானியர் என்பது ரோமானியர்கள் எழுதிவைத்த பொதுப்பெயர். அது எங்கிருந்து வந்தது என்று இன்னும் முடிவாகவில்லை.

"அப்ப அவங்க ஊட்டுக்குள்ள என்னன்னுங்க கூப்பிட்டுக்கிட்டாங்க?"

"அதைத்தாம்மா நல்லப்பனும் தேடியிருக்கான்."

அவர் கண் கலங்கியது.

"எம்பையன் பேரை இன்னொருக்கா சொல்லுங்க சார். எங்க மாமனார் பேருங்க அது. நான் வாயில எடுத்ததே இல்லீங்க. பொறந்ததுலருந்து கண்ணு, கண்ணுன்னுதான்."

அட்டையில் இருந்த பெயரைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவருடைய மாமனார் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது என்ற இந்தக் கட்டுப்பாட்டின் மேல் எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"இனி யாரும்மா உங்களைக் கேக்கப் போறாங்க? ஒருதரம் நீங்களே சொல்லிடுங்க."

முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"இனிமே கூப்பிட்டா யாருங்க திரும்பிப் பாக்கறது?"

கீழே இறங்கும் பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டு வந்தேன். அன்றைக்கு அதற்கப்புறம் என்னால் வகுப்புக்குப் போக முடியவில்லை.

ஓய்வுபெறும் வரைக்கும் அந்த ரோமப் பாடத்தில் சாக்சன், லங்கோபார்டு என்று கரும்பலகையில் எழுதியதும் பிள்ளைகளிடம் ஒன்று சொல்வேன்: இந்தப் பெயர்களைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு காலத்தில் ஆட்கள் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். மரியாதையாகப் படியுங்கள்.