புதன் அப்பா, ஞாயிறு மாமா

என் விளையாட்டு மரக்காரைச் செய்ய இரண்டு பேர் உதவினார்கள். அவர்கள் ஒருவரோடு ஒருவர் கதைப்பதில்லை.

ஒருவர் அப்பா. பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் நாள் முழுக்கத் தராசோடு நிற்பவர். மற்றவர் மாமா, அம்மாவின் தமையன். கடைகளுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் வான் ஓட்டுபவர். மாமா புறநகர் லெ பிளாங்-மெனிலில் வீடு வாங்கிக் குடிபூந்தபோது அப்பாவுக்கு நேரில் வந்து சொல்லவில்லை. போனில் சொன்னார், அதுவும் அம்மாவிடம். அப்பா குடிபூரலுக்குப் போகவில்லை, எங்களையும் போகவிடவில்லை. எனக்கு ஒன்பது வயதானபோது அந்தக் கோபத்துக்கு இரண்டு வயது. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை என்பதைப் போல அதையும் ஒரு வசதிக் குறைவாக நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஒருநாள் அவர் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

“இன்னும் ரெண்டு மூண்டு வருசத்திலை பிள்ளை பெரிசாகீடுவாள். தாய்மாமன் வராமல் நான் ஆரை வைச்சு இவளுக்குத் தண்ணி வாக்கிறது?”

அது ஒரு சடங்கு என்பதும், தாய்மாமன் இல்லாமல் அது நடக்காது என்பதும் எனக்குத் தெரியாது. எங்கள் குளியலறைக் குழாயில் தண்ணீர் நன்றாகத்தான் வந்தது.

எங்கள் பகுதிச் சிறுவர் மையம் ஒவ்வொரு பெப்ரவரியிலும் மரக்கார் ஓட்டம் நடத்தும். ஆளுக்கு ஒரு பைன் மரக்கட்டை, நாலு பிளாஸ்டிக் சில்லு, அந்தச் சக்கரங்களுக்கு அச்சாக அடிக்க நாலு ஆணி, ஒரு சின்னப் பையில் பென்சில் கரித்தூள் தருவார்கள். கட்டையைச் சீவிக் காராக்க வேண்டும். குறித்த நிறைக்கு மேல் போகக் கூடாது. சில்லுகள் இலகுவாகச் சுற்றக் கரித்தூள் மட்டுமே போடலாம். வீட்டுப் பெரியவர்கள் உதவலாம். சரிவான பலகையின் உச்சியில் இருந்து கார்களை ஒன்றாக மூன்று தடவை விடுவார்கள், மிச்சத்தைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். வென்ற கார் அடுத்த வருடம் வரை மையத்தின் வாசலில் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும். அந்த அலமாரியில் என் கார் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அந்தக் குளிர்காலத்தில் எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

அம்மாதான் முறை வகுத்தார். “புதன்கிழமை அப்பாவுக்கு லீவு, அவரைக் கேள். ஞாயிற்றுக்கிழமை அவர் கடையிலை நிப்பார், மாமா வருவார்.”

முதல் ஞாயிறு மாமா வந்தபோது அம்மா எனக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார். குளிர்காலத்தில் எங்கள் வீட்டுத் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் வெள்ளைக் கட்டியாகிவிடும். ஞாயிறு காலைகளில் அம்மா அதை ஹீட்டருக்கு மேல் வைத்து இளக்குவார். அது எனக்கும் அம்மாவுக்குமான போத்தல். அப்பாவின் தலையில் எண்ணெய்க்கு வேலை இல்லை.

மாமா கட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முன்பக்கத்தைக் குடைந்து தூண்டில் ஈயம் வைத்திருந்தது. அது அப்பாவின் புதன்கிழமை வேலை.

“ஆர் முன்னுக்குப் பாரம் வைச்சது?”

“அப்பா.”

“கொப்பரிட்டைச் சொல்லு, கத்தரிக்காய் நிறுக்கிறது வேறை, கார் ஓட்டுறது வேறை எண்டு.” ஈயத்தைக் கழற்றிப் பின்னுக்கு வைத்தார்.

புதன்கிழமை அப்பா அதைப் பார்த்தார். “கொம்மானிட்டைச் சொல்லு, இது அவற்றை வான் இல்லை, பின்னுக்குச் சாமான் ஏத்த.” ஈயம் மறுபடி முன்னுக்கு வந்தது.

நான் இரண்டு செய்திகளையும் கொண்டுபோனேன், ஆனால் தேவையானதை மட்டும். அப்பாவிடம் ‘பாரம் பின்னுக்கு இருந்தால் நல்லதாம்’ என்றேன். மாமாவிடம் ‘முன்னுக்கு இருந்தால் நல்லதாம்’ என்றேன். கத்தரிக்காயும் வானும் காரின் வேகத்துக்குச் சம்பந்தமில்லாதவை, ஆகவே விட்டுவிட்டேன். வேலை சுமுகமாக நடந்தது. அம்மா மட்டும், நான் செய்தி சொல்லும்போதெல்லாம், சமையலறையில் செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து, முதலில் அது அவர்களுக்குத் தெரியாது. மாமா, “நாலு சில்லுக்கும் ஒரு சொட்டு ஒயில் விட்டாப் பறக்கும்” என்றார். நான் கரித்தூள் மட்டும்தான் என்றதும், “கரியைப் பூசி ஓடுற காரை இப்பத்தான் பாக்கிறன்” என்று சிரித்தார். அப்பா, தையல் மெசின் எண்ணெய் கொஞ்சம் விட்டால் ஆருக்குத் தெரியப்போகுது என்று கேட்டார். கூடாது, மாமா கேட்டதற்கும் அதைத்தான் சொன்னேன் என்றேன்.

பாரத்தின் பிரச்சினையைச் சோதனை செய்து தீர்த்தேன். இஸ்திரிப் பலகையைக் கதிரையில் சாய்த்து நடைவழியில் காரை விட்டேன். முன்பாரம் சமையலறை வாசலோடு நின்றது. பின்பாரம் வாசலைக் கடந்து குளிர்சாதனப் பெட்டியில் போய் மோதியது. சரிவின் உச்சியில் பின்பாரம் கூடுதல் உயரத்தில் இருக்கிறது, அதனால் கூடுதலாக விழுகிறது. அப்பாவுக்கும் செய்து காட்டினேன். அவர் இன்னொரு தரம் விடச் சொன்னார்.

“சரி, அப்பிடியே கிடக்கட்டும். அவர் சொன்னதுக்காக இல்லை.”

ஓட்டத்துக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைசித் தடவையாக விட்டுப் பார்த்தேன். கார் நேராக ஓடிப் பெட்டியில் மோதியது. அம்மா பாத்திரம் கழுவியபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனி மாமாட்டையும் அப்பாட்டையும் கேக்க ஒண்டும் இல்லையோ?”

“இல்லை. எல்லாம் முடிஞ்சுது.”

அம்மா கையைத் துடைத்தார். “அப்ப தா, நான் துணியிலை சுத்தி வடிவா வைக்கிறன்.”

கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை நல்ல குளிர். ஓட்டம் ஒரு பள்ளிக்கூடத்தின் முற்றத்தில், கூரை போட்ட பகுதியில் நடந்தது. அப்பா கடையில் சொல்லிவிட்டு வந்திருந்தார். மாமா ரயிலில் கார் து நோர் நிலையத்துக்கு வந்து அங்கிருந்து நடந்து வந்தார். அம்மா இருவரையும் கூப்பிட்டிருந்தார். ஒருவர் பலகையின் இந்தப் பக்கமும் மற்றவர் அந்தப் பக்கமும் நின்று கார்களை மட்டும் பார்த்தார்கள்.

என் கார் சரிவில் மற்றக் கார்களுக்குப் பின்னால் இறங்கியது. சமதரைக்கு வந்ததும் தளர்ந்தது. முடிவுக் கோட்டுக்கு ஒரு கை தூரத்தில் நின்றுவிட்டது. பொறுப்பாளர் பெண்மணி அன்போடு அதை ஒரு விரலால் தள்ளிவிட்டார். அந்த அன்பை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. இரண்டாவது தடவையும் அப்படியே நடந்தது.

மாமா ஆட்களை மறித்துக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி வந்து காரை எடுத்தார். சில்லைச் சுண்டினார், சுற்றவில்லை. ஆணியைச் சுற்றி வெள்ளையாக ஏதோ இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டி மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். பிறகு பலகைக்கு மேலால் அப்பாவை நேராகப் பார்த்தார்.

“ஏன் காணும், இந்தக் குளிருக்குள்ளை ஆரும் தேங்காயெண்ணெய் பூசுவினமோ?”

“நானோ பூசினது? நீர்தானே ஒயில் ஒயில் எண்டு நிண்டனீராம்!”

“நான் சொன்னது இஞ்சின் ஒயில். இது தலைக்கு வைக்கிற சாமான்!”

“எனக்கேன் காணும் தலைக்கு எண்ணெய்? என்ரை தலையைப் பாரும்!”

முற்றம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எண்ணெயில் தொடங்கியது ஈயத்துக்குப் போய், அங்கிருந்து குடிபூரலுக்குப் போனது.

“போனிலை சொன்ன ஆள்தானே நீர்!”

“அதுக்கு முதல் சனிக்கிழமை, சொல்லத்தான் கடைக்கு வந்தனான் காணும்! நீர் கண்டும் காணாத மாதிரி வெண்டிக்காய் அடுக்கிக்கொண்டு நிண்டீர்.”

“சனிக்கிழமைச் சனத்துக்குள்ளை நான் உம்மை எங்கை காண்கிறது? கூப்பிட வாய் இல்லையோ?”

இதைச் சொல்லிக்கொண்டே அப்பா காரை வாங்கி முன்சில்லுகளை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார். மாமா பின்சில்லுகளைப் பொத்தினார். ஒரு சின்னக் கட்டையை இரண்டு பெரிய ஆட்கள் பிடித்துக்கொண்டு, மாறி மாறி அதில் ஊதுவதும் ஏசுவதுமாக நின்றார்கள். கடைசித் தடவை விட்டபோது எண்ணெய் இளகியிருந்தது. கார் தானாகக் கோட்டைத் தாண்டியது. கடைசியாகத்தான் தாண்டியது.

“சில்லிலை பிழை இல்லை” என்றார் மாமா.

“நிறையிலையும் பிழை இல்லை” என்றார் அப்பா.

இரண்டு பேரும் பிளேன்ரீ குடிக்கப் போனார்கள். என்னை மறந்துவிட்டுப் போனார்கள். அம்மா சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோற்றதற்காக அழுகிறார் என்று நினைத்து, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று நான்தான் ஆறுதல் சொன்னேன்.

இப்போது நான் இயந்திரங்களோடு வேலை செய்கிறேன். ஒன்று திடீரென்று நின்றுவிட்டால் நாங்கள் முதலில் கேட்பது, அதைக் கடைசியாகத் தொட்டது யார் என்பதைத்தான். அந்தக் கேள்வியை அப்போது எனக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை. அடுத்த நாள் ஞாயிறு காலை, அம்மாவின் முழங்கால்களுக்கு நடுவில் உட்கார்ந்து, குற்றவாளிகளை வரிசைப்படுத்திச் சொன்னேன். முதலில் மாமா. பிறகு அப்பா. பிறகு எங்கள் காரைத் தொட்டுப் பார்த்த அடுத்த வரிசைப் பையன்.

“வேறை ஆரம்மா இருக்கினம்?”

“தலையை ஆட்டாதை பிள்ளை” என்றார் அம்மா. ஹீட்டருக்கு மேல் இருந்த போத்தலை எட்டி எடுத்து, இளகிவிட்டதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.