பொட்டு வைத்த பேரிங்

ஐம்பத்து மூன்று வயது வரை கோலப்பன் உலக விவகாரங்களில் தலையிட்டதில்லை. உலகமும் அவர் விவகாரத்தில் தலையிட்டதில்லை. நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகம் கோயிலுக்கு அடுத்த தெருவில் வாடகைக்குக் குடியிருந்தார். ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஸ்டோர் கீப்பர். இருபத்தாறு வருஷத்தில் அங்கே யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. “ஸ்டோர்ட்ட கேளு” என்பார்கள். அது அறையைக் குறித்ததா ஆளைக் குறித்ததா என்பதை வருங்கால ஆய்வாளர்கள் முடிவு செய்யட்டும்.

சர்க்கரை நோய்தான் அவரைச் சைக்கிளில் ஏற்றிவிட்டது. ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பாரோடு ஒரு பழைய ரோடு பைக் வாங்கினார். தினமும் விடிகாலையில் விழிஞ்ஞம் வரை போய் வந்தார். ஞாயிற்றுக்கிழமை சவாரிக் கூட்டம் ஒன்றிலும் சேர்ந்தார். கூட்டத்தின் கேப்டன் கிரீஷ், கணினிக் கம்பெனிப் பையன், முதல் நாளே “கோலப்பன் சாரே” என்று கூப்பிட்டான். அந்த ஒரு கூப்பிடலுக்காக அவர் மாரடைப்பு வரும்வரை மிதிக்கவும் தயாரானார்.

மழை ஓய்ந்தபின் கூட்டம் மாதம் ஒருமுறை பொன்முடி ஏறும். அடிவாரத்துக் கல்லாற்றிலிருந்து மேலே இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு. கோலப்பன் இரண்டு தடவை பாதியில் திரும்பியிருந்தார். மூன்றாம் தடவையும் உச்சியைத் தொடாவிட்டால் தன்னை யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்று அவருக்குத் தெரியும். அதுதான் பயமாக இருந்தது.

சவாரிக்கு ஒரு வாரம் முன்னால், கிரீஷ் அவருடைய முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் அசைத்தான். டக் என்றது.

“சாரே, ஹெட்செட் போயி. இதும் வச்சோண்டு பொன்முடி எறங்கினா சாரும் போவும். மாத்திட்டு வாங்க, இல்லேங்கில் வரவேண்டா.”

ஹெட்செட் என்பது ஹேண்டில்பாரின் தண்டு சட்டத்துக்குள் திரும்புகிற இடம். அங்கே மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு பேரிங் உண்டு. விழிஞ்ஞத்துக் கடற்காற்றின் உப்பு இரண்டையும் தின்றிருந்தது. சைக்கிள் கடைக்காரன் சரஸ்வதி பூஜை லீவு கழிந்து பார்க்கலாம் என்றான். கோலப்பன் புதிய பேரிங்குகளை வரவழைக்கச் சொல்லிவிட்டு, புதன்கிழமை தானே வண்டியைப் பிரித்தார். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை உருவியபோது புளிக்கரைசல் நிறத்தில் துருத் தண்ணீர் வடிந்தது.

பார்சல் வியாழக்கிழமை, அஷ்டமி சாயங்காலம் வந்தது. அவர் மனைவி உலகம்மை அப்போது மகளின் புத்தகங்களையும் அரிவாள்மணையையும் பூஜைக்கு அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“இரும்புதான? இங்க வைங்க.”

“அது ஞாயித்துக்கெழமைக்கு வேணும் உலகம்மை.”

“சனியாச்ச காலைல பூசை எடுக்கம்லா. அதுக்குள்ள அது எங்க உருண்டு போயிரும்?”

“உருளுகதுக்குத்தான் அத வாங்குனதே.”

வாதம் செல்லுபடியாகவில்லை. பேரிங்குகள் சரஸ்வதியின் காலடிக்குப் போயின. வெள்ளிக்கிழமை முழுவதும் கோலப்பன் ஹாலில் கிடந்த ஃபோர்க்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார், பிணம் காப்பவர் போல.

விஜயதசமி காலையில் கைக்கு வந்தபோது, ஒவ்வொரு பேரிங்கின் சரிவான விளிம்பிலும் உளுந்தம்பருப்பு கனத்துக்குச் சந்தனம், நடுவே குங்குமம். இரண்டு நாளில் ஓடாகக் காய்ந்திருந்தது. அவர் துணியை எடுத்தார்.

“பொட்ட அழிக்காண்டாம், கேட்டேளா. மல ஏறப் போறீங்க. எறங்கவும் வேணும்லா.”

மூன்று கண்டங்களைச் சேர்ந்த மெக்கானிக்குகளின் பதினொரு வீடியோக்களை அவர் பார்த்திருந்தார். பூஜையில் வைத்த பேரிங்கை என்ன செய்வது என்று ஒருவனும் சொல்லவில்லை. பொட்டின் மேலேயே கிரீஸைப் பூசினார். கீழ் பேரிங், ஃபோர்க், மேல் பேரிங், மூடி. முதலில் மூடியின் திருகை அளவாக இறுக்கினார், பிறகு பக்கத் திருகுகளை. பிரேக்கைப் பிடித்து அசைத்தார். சத்தமே இல்லை.

ஞாயிறு விடியலில் கிரீஷும் அசைத்துப் பார்த்து “கொள்ளாம் சாரே” என்று மெச்சினான். கோலப்பன் நெடுமங்காடு வரை மிதந்தார். அதற்கப்புறம் குழிகள். சந்தனம் அரைபடப் பிறந்த பொருள். சாலை தன் பங்குக்கு அரைத்தது. விதுரையை நெருங்கும்போது உள்ளங்கையில் டக் டக் என்றது. ஒவ்வொரு குழியிலும் அவர் இருமினார். மற்றவர்கள் மழைச்சளி என்று நினைத்துக்கொண்டார்கள்.

கல்லாற்றில், ஏற்றத்துக்கு முன் கிரீஷ் மறுபடி அசைத்தான். கோலப்பன் இருமியும் பயனில்லை. அவன் மூடியைத் திறந்து முகர்ந்தான்.

“சாரே, இதென்னா மணம்? சந்தனமோ?”

“பூசைல வச்சதாக்கும்.”

“அப்ப தேங்கா உடைச்சில்லே?” என்றான் பின்னாலிருந்து ஒருவன். பத்தொன்பது பேர் சிரித்தார்கள்.

கிரீஷ் சிரிக்கவில்லை. இரண்டு தடவை இறுக்கிப் பார்த்தான். மிச்சச் சந்தனத்தில் பேரிங் கோணலாக உட்கார்ந்து, ஒரு பக்கம் பிடித்தது, மறுபக்கம் ஆடியது.

“ஃபோர்க் எறக்கிக் கழுவணும் சாரே. இவிட வச்சு நடக்காது. சார் எங்க பேகெல்லாம் பாத்துக்கோங்க. சாருக்கு அது பழக்கமல்லே.”

அவர்கள் வளைவில் மறைந்தார்கள். கோலப்பன் டீக்கடை பெஞ்சில், இருபது பைகளுக்கு நடுவே, நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நடுவில் மழை வந்தது. பைகளை உள்ளே நகர்த்தினார். அதில் ஒரு ஒழுங்கும் இருந்தது. ஒரு சுற்றுலாக் குடும்பம் வந்து அவரிடம் அறை காலி உண்டா என்று கேட்டது.

திங்கட்கிழமை கல்லூரி ஸ்டோரில் வைத்து பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவினார். பொட்டு செந்நிறமாகக் கரைந்து ஓடியது. வீட்டில் சொல்லவில்லை. திரும்பப் பொருத்தியதும் ஹேண்டில்பார் வெண்ணெயில் கத்தி போலத் திரும்பியது. அடுத்த மாதம் கல்லாறு வரை நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு சத்தமில்லை. அவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்க, கிரீஷ் வண்டியை அசைத்துப் பார்த்து, “பெர்ஃபெக்ட் சாரே” என்று தன் பையை அவர் மடியில் வைத்தான்.

“நானும் வாறேன் கிரீஷ்.”

“அப்ப பேக் ஆரு பாக்கும் சாரே?” என்றான், உண்மையான கவலையோடு. போன தடவை யாருக்கும் ஒரு கைக்குட்டைகூடத் தொலையவில்லை. எல்லோரும் கோலப்பனைப் பார்த்தார்கள். அவர் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து இடம் விட்டார். மற்ற பைகளும் வந்து சேர்ந்தன.

சாயங்காலம் உலகம்மை கேட்டாள்: “இந்த மட்டம் உச்சிக்குப் போனேளா?”

“போனோம்.”

“எப்பிடி இருந்து?”

“மஞ்சு. மூடிக் கெடந்து. ஒண்ணும் தெரியல்ல.”

“அதப் பாக்கவா இம்புட்டு தூரம் மிதிச்சீங்க” என்றாள் அவள். கோலப்பன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.