ஒரு வாஷரும் மூன்று ரிமைண்டரும்

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை, கரமனை ஆற்றுப் படித்துறையில் செல்லம் வழுக்கி விழுந்தாள்.

செல்லம் எங்கள் தெருவின் கடைசி வீட்டில் குடியிருக்கும் பெண். எட்டு மாத கர்ப்பிணி. புருஷன் போனக்காட்டு மலையில் தேயிலைத் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. மாதம் ஒரு தரம் மலையிறங்கி வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகிறவன். இடுப்பில் நிறைகுடத்தோடு விழுந்திருக்கிறாள். குடம் நசுங்கிவிட்டது. கணுக்கால் வீங்கிவிட்டது. வயிற்றில் இருப்பதற்கு ஒன்றும் ஆகவில்லை என்று நர்ஸ் வந்து பார்த்துச் சொல்லும்வரை, எங்கள் வீட்டில் யாரும் வாயில் காபி விடவில்லை.

எட்டு மாசக்காரி ஆற்றுக்கு எதற்குப் போனாள் என்று கேட்கிறீர்களா? கேளுங்கள். நன்றாகக் கேளுங்கள். எங்கள் தெருவில் ஒருவரும் கேட்கவில்லை.

தெரு நடுவில் ஒரு குழாய் இருக்கிறது. சர்க்கார் போட்ட குழாய். அது வந்த அன்றைக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டிய தெரு இது. ஆனால் யாருக்கு அது அவசியம்? எல்லார் வீட்டுக் கொல்லையிலும் கிணறு உண்டு. செல்லம் குடியிருக்கும் வீட்டுக் கிணறு மட்டும் போன மழையில் இடிந்து தூர்ந்துவிட்டது. ஆக, குழாயை நம்பி உலை வைப்பவள் அவள் ஒருத்திதான்.

இரண்டு மாதத்துக்கு முன்பு, பென்ஷன் வாங்கும் எங்கள் சிவராமய்யருக்கு ஒரு திடுக்கிடும் சேதி கிடைத்தது. குழாயின் திருகாணிக்குள்ளே, தண்ணீரை அடைப்பதற்கு ஒரு வாஷர் இருக்கிறது... அந்த வாஷர் தோலால் செய்தது!

"மாட்டுத் தோலாக்கும்! அதுல பட்ட ஜலத்தையா நாம இத்தனை நாள் மொண்டுண்டு வந்தோம்?" என்று மனிதர் தலையில் அடித்துக்கொண்டார். மறுநாள் விடியற்காலை எங்கிருந்தோ ஓர் ஆளைப் பிடித்து வந்து, குழாயைக் கழற்றி, தோலைப் பிடுங்கி எறியச் செய்தார். ஜலம் சுத்தமாகிவிட்டது. குழாய்தான் மூடவில்லை.

தோலை எடுக்க ஆள் கிடைத்தான் பாருங்கள்! வேறொன்றை வைத்து அடைக்க மட்டும் ஆள் கிடைக்கவில்லை.

ராப்பகலாகத் தண்ணீர் கொட்டித் தெருவெல்லாம் சேறு. ஆபீஸிலிருந்து ஒரு ஆள் வந்தான். (எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், எனக்கு வம்பு வேண்டாம்.) பார்த்தான். குழாயடியில் இரும்பு மூடிக்குள் இருந்த வால்வைத் திருகி ஒரேயடியாக அடைத்தான். "ரிப்பேர் வேணும்னா எழுதிக் குடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

எழுதிக் கொடுப்பதா? அவ்வளவுதானே! எங்கள் தெருவிடம் போய் அப்படிச் சொல்லலாமா? இருபத்திரண்டு வீட்டில் பதினொரு பி.ஏ. வீட்டுக்கு வீடு ஃபவுண்டன் பேனா உண்டு; ஒரு ஸ்பேனர் கிடையாது. ஃபியூஸ் போனால் இருட்டில் உட்கார்ந்து எதிர்வீட்டைப் பார்ப்பார்கள். குடைக்கம்பி விட்டுப்போனால் புதுக் குடை வாங்குவார்கள். பூட்டு திறக்கவில்லையா — "மெக்கானிக் சாரைக் கூப்பிடு!" அந்த மெக்கானிக் சார் அடியேன்தான். ஆபீஸில் ஃபைல் பார்க்கிற குமாஸ்தா. சாலைக் கடைத்தெருவில் ஆசைப்பட்டு வாங்கிய நாலு கருவிகளை வைத்துக்கொண்டு, சொந்தக் கடிகாரத்தைக் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டவன். கூப்பிட்ட இடத்துக்குப் போவேன். வேலை முடிந்ததும் கை கழுவச் செம்பில் ஜலம் தருவார்கள். தரும்போது, பி.ஏ. பாஸ் செய்த கை இப்படி மசியாகிவிட்டதே என்று ஒரு பரிதாபப் பார்வையும் கூடவே வரும். சோப்புப் போட்டால் மசி போய்விடும் ஐயா! உங்கள் கைக்கு வந்திருக்கும் வியாதிக்கு எந்தச் சோப்பு?

குழாய்க்கு மனு போயிற்று. பதினைந்து நாள் கழித்து ரிமைண்டர். அப்புறம் இரண்டாவது ரிமைண்டர். அப்புறம் மூன்றாவது.

அதற்குள் செல்லம் என்ன செய்தாள்? முதல் வாரம் பக்கத்து வீடுகளின் கிணற்றில் இறைத்தாள். கொல்லைக் கிணற்றுக்குப் போக வேண்டுமென்றால் வீட்டுக்குள்ளே நுழைந்து போக வேண்டும். காலையில் எல்லாரும் மடியாக இருக்கிற நேரம். ஒரு வீட்டில் "இத்தனை சீக்கிரமா வரணுமா?" என்றார்கள். இன்னொரு வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை, கதவைத் திறக்கவில்லை. பிறகு அவள் யாரையும் கேட்காமல் ஆற்றுக்குப் போக ஆரம்பித்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து திரும்பிச் சட்டையைக் கழற்றவில்லை, ராமசுப்பு வந்து நின்றான். சிவராமய்யரின் மாப்பிள்ளை, பி.ஏ. ஹானர்ஸ், மூன்று ரிமைண்டரையும் எழுதிய புண்ணியவான். கையில் காகிதம்.

"சார், நாலாவது ரிமைண்டர். செல்லம் விழுந்ததையும் ஒரு பாராவா சேர்த்திருக்கேன். கேஸ் இப்போ நல்ல ஸ்ட்ராங்கா ஆயிடுத்து. ஒரு ஒப்புப் போட்டாப் போறும்."

கேஸ் ஸ்ட்ராங் ஆகிவிட்டதாம்! எனக்கு வந்த கோபத்தில் அந்தக் காகிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்திருப்பேன். கிழிக்கவில்லை. ஏன் தெரியுமா? உள்ளேயிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"முதல் மனுவை எழுதின கையாச்சே! இதுலயும் கையெழுத்தைப் போட்டுக் குடுங்கோ."

ஆமாம் வாசகர்களே. இத்தனை நேரம் ஊரைத் திட்டினேனே... முதல் மனுவை எழுதியவன் நான்தான். "உங்க இங்கிலீஷுக்கு முன்னாடி யார் நிக்க முடியும்?" என்று சிவராமய்யர் ஒரு வார்த்தை சொன்னார். உச்சி குளிர்ந்துபோயிற்று. கெட்டி மையில், கோணாத எழுத்தில், நாலு பக்கம். அதில் ஒரு வரி இன்னும் எனக்கு மனப்பாடம்; தமிழில் சொன்னால்: 'காரணம் யாதென்று அறியக்கூடாத ஒழுக்கு.' காரணம் எனக்குத் தெரியாதா? தோலைப் பிடுங்கியபோது பக்கத்தில் நின்று பார்த்தவனே நான்தானே! ஸ்பேனர் வீட்டில் இருந்தது. சர்க்கார் சொத்தைத் தொட்டால் வம்பு, சிவராமய்யரைப் பகைத்தால் வம்பு. பூட்டுக்கும் குடைக்கும் ஓடுகிற மெக்கானிக் சார் குழாய்க்கு மட்டும் பேனாவை எடுத்துவிட்டார். வெட்கக்கேடு!

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். முக்கில் சைக்கிள் கடை. பஸ் டயரிலிருந்து கழித்த பழைய ட்யூபில் தடிமனான ஒரு துண்டு கேட்டேன். எதற்கென்று கேட்டார் கடைக்காரர். சொன்னேன்.

"இத்ரயே உள்ளோ சாரே?" என்று சிரித்தார். இவ்வளவுதானா! அந்தச் சிரிப்பு என் முதுகில் இன்னும் இருக்கிறது.

குழாயைக் கழற்றினேன். தெரு முழுக்கக் கூடிவிட்டது; எல்லார் கையும் பின்னால் கட்டியிருந்தது. ஒருவர் டார்ச் லைட் பிடிக்கலாம், ஒருவர் திருகாணியைக் கையில் வாங்கிக்கொள்ளலாம்... ஊஹூம். காசு ஒன்றை வைத்து ரப்பரில் வட்டம் போட்டு வெட்டி, நடுவில் துளையிட்டேன். அப்போது சிவராமய்யர் கிட்டே வந்தார்.

"நில்லும். அது என்னது? தோலா?"

"ரப்பர். மரத்துலேர்ந்து வர பால், மாமா."

கொஞ்சம் யோசித்தார். "பால்னா தோஷமில்லை."

ரப்பரைப் பொருத்தி, திருகி முடுக்கி, வால்வைத் திறந்தேன். தண்ணீர் வந்தது. மூடினேன். நின்றது! ஒரு சொட்டு இல்லை. மொத்தம் பத்து நிமிஷம். இரண்டு மாசமும் மூன்று ரிமைண்டரும் ஒரு பெண்ணின் கணுக்காலும் போன வேலை... பத்தே நிமிஷம்!

முதல் குடத்தை நானே தூக்கிக்கொண்டு செல்லத்தின் வீட்டுக்குப் போனேன். காலில் பற்றுப் போட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்ன ரிப்பேர் என்று கேட்டாள். தோல் துண்டு, ரப்பர் துண்டு என்று எல்லாம் சொன்னேன். மனுவில் நான் எழுதிய அந்த வரியையும் சொல்லிவிட்டேன்.

வாசல் மூலையைக் கை காட்டினாள்.

"ஒரு துண்டுத் தோலா மாமா? அவரோட பழைய செருப்பு ரெண்டு இங்கயே கிடக்கே. யாராவது ஒரு வார்த்தை பறஞ்சிருந்தா நானே அறுத்துத் தந்திருப்பேனே. நீங்க இத்தனை பேரும் படிச்சவா எழுதி எழுதி அனுப்பறேளே, ஏதோ பெரிய ரிப்பேராக்கும்னு நெனச்சுண்டிருந்தேன்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே ஆச்சரியப்பட்டுச் சொன்னாள். அங்கே நிற்க முடியாமல், குடத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கதை இதோடு முடிந்ததா? மூன்று நாளைக்கு முன்னால் அந்த ஆபீஸிலிருந்து பதில் வந்தது. முத்திரை போட்ட கவர், முதல் கையெழுத்துக்காரனான என் பெயருக்கு. ஸ்தலத்தில் பரிசோதித்ததில் குழாய் நல்ல நிலையில் உள்ளதாம்; ஒழுக்கு ஏதும் இல்லையாம்; இனிமேல் பொய்ப் புகார் அனுப்பினால் கையெழுத்திட்டவர்கள்மேல் நடவடிக்கை எடுக்கப்படுமாம்.

ராமசுப்பு துள்ளிக் குதிக்கிறான். "விடப்படாது சார்! இதுக்கு ஒரு பதில் போடணும். உங்க இங்கிலீஷ்தான் வேணும்!"

கவரை மேஜைமேல் போட்டேன். கடிதம் வந்த அன்று காலைதான் செல்லம் ஒரு காகிதப் பொட்டலத்தை என் மனைவியிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள். "மறுபடி ஏதாவது ஒழுகினா, எழுதறதுக்கு முன்னாடி இதை வெட்டிப் பாக்கச் சொல்லுங்கோ மாமி" என்றாளாம். உள்ளே, கணக்குப்பிள்ளையின் பழைய செருப்பு.

ஆபீஸ் கடிதம் காற்றில் பறக்காமல் இருக்க, என் எழுது மேஜைமேல் அந்தச் செருப்பைத்தான் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்ததிலிருந்து சிவராமய்யர் என் வீட்டு வாசல் மிதிப்பதில்லை.

போகட்டும்; எங்கள் ஊரில் சொல்வதுபோல், சாரமில்லை.