டிரெஸ்ஸர் சொன்ன பொய்

"அவசரப்பட்டா தோலும் சேர்ந்து வந்துரும். இன்னும் கொஞ்சம் ஊறட்டும்" என்று சொல்லிவிட்டு, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து, புண்ணோடு ஒட்டிக் கிடக்கும் துணியின் மேல் சொட்டுச் சொட்டாகப் பிழிகிறார் டிரெஸ்ஸர். கட்டிலில் ஒருக்களித்துக் கிடப்பவர் பல்லைக் கடிக்கிறார். முன்பெல்லாம் இந்த நேரத்தில் டிரெஸ்ஸர் புண்ணிடம் பேச்சுக் கொடுப்பார். "என்னடா, நேத்துக்கு இன்னிக்குத் தேவலை போலிருக்கே. இப்படியே நல்ல பிள்ளையா இரு." வலியில் துடிக்கிறவருக்கும் சிரிப்பு வந்துவிடும். அவர் சிரித்து முடிப்பதற்குள் துணி கழன்று வந்திருக்கும். இப்போது பேசுவதில்லை. ஊறும்வரை சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

பெரிய ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. படுத்த படுக்கையானவர்கள் இருக்கும் வீடுகளைத் தேடித் தேடிப் போவார். காலை ஆறரைக்குப் பையைத் தூக்கினால் மத்தியானம் வரை நடைதான். டீ கொடுத்தால் நின்றபடியே குடிப்பார். புண்ணின் வாடைக்கு முகம் சுளிக்கிறவர்களைக் கண்டால்தான் கோபம் வரும். "அது நாத்தம் இல்லம்மா. புண்ணு நமக்குச் சேதி சொல்லுது. மூக்கைப் பொத்திக்கிட்டா எப்படித் தெரியும்?"

அவர் போகிற வீடுகளில் பாதி, சபையைச் சேர்ந்தவை. கட்டு முடிந்ததும், "ஒரு சின்ன ஜெபம் பண்ணிரலாமா?" என்பார்கள். "நீங்க பண்ணுங்க, எனக்கு அடுத்த வீடு இருக்கு" என்று நழுவிவிடுவார். கைக்குழந்தையிலேயே ஞானஸ்நானம் பெற்றவர்தான். கடவுளோடு அவருக்குச் சண்டையும் இல்லை, மனத்தாங்கலும் இல்லை; நம்பிக்கைதான் வரவில்லை. "ஈரத் தோல்ல பிளாஸ்திரி ஒட்டுமா? நானும் அழுத்தி அழுத்திப் பாத்துட்டேன். ஒட்டல. அவ்வளவுதான்" என்பார்.

இதை அவ்வளவுதான் என்று விட முடியாத ஒரே ஆள் அவர் மனைவி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர், விசுவாசம் இல்லாதவன் எத்தனை நல்லது செய்தாலும் அது அவனைக் கரையேற்றாது என்று பிரசங்கம் செய்தார். முன்வரிசையில் இருந்த இரண்டு மூன்று பெண்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கணவரிடம் சொன்னாள்:

"இன்னிக்கு அவர் உங்களைத்தான் சொன்னாரு."

"பேரைச் சொன்னாரா?"

"விளையாடாதீங்க. நான் மேல போய் நிக்கும்போது, உன் புருஷன் எங்கேன்னு கர்த்தர் கேப்பாரே. நான் என்ன சொல்லுவேன்?"

"வேலைக்குப் போயிருக்காருன்னு சொல்லு."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், திடீரென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினாள். டிரெஸ்ஸர் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு மறுபடியும் எடுத்து நறுக்கினார்.

போன வருடம் அவளைப் பக்கவாதம் வீழ்த்தியது. வலது கையும் காலும் போய், நாக்கும் குழறியது. டிரெஸ்ஸர் மற்ற வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தார். விரிப்பில் ஒரு சுருக்கம் விழ விடவில்லை. இருந்தும் இடுப்புக்குக் கீழே விரல் நகம் அளவில் ஒரு புண் கண்டது. கண்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் புண்ணிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றோடு அந்தப் பழக்கமே விட்டுப்போயிற்று.

காய்ச்சல் இறங்காமல் நின்ற வாரத்தில், போதகர் வந்து கட்டிலருகே நின்றிருந்தார். அவள் இடது கையால் கணவரின் மணிக்கட்டைப் பிடித்து, குழறிக் குழறிச் சொன்னாள்:

"ஏங்க... ஒரே ஒரு தடவை. நம்புறேன்னு சொல்லுங்க. நான் தனியாப் போக மாட்டேன்."

டிரெஸ்ஸர் போதகரைப் பார்த்தார். பிறகு, பிடித்திருக்கும் கையைப் பார்த்தார். அதில் இருந்த பலம் அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

"நம்புறேம்மா."

"கர்த்தரையா?"

"ஆமா."

போதகர் கண்ணை மூடி, "ஸ்தோத்திரம்" என்றார். அவள் கண்ணை மூடவில்லை. கணவரின் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"உங்களுக்குப் பொய் சொல்லவே வராது" என்றாள். பிடித்த கையை விட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. மூன்றாம் நாள் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து, டிரெஸ்ஸர் போதகர் வீட்டுக்குப் போனார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அன்னிக்கு நான் சொன்னது பொய்யி, பாஸ்டர்."

"தெரியும்."

"அவ நிம்மதியாப் போகட்டும்னுதான் சொன்னேன். கண்டுபிடிச்சிட்டா. சொல்லாம இருந்திருந்தா, எம் புருஷன் பொய் சொல்லாதவன்கிற நெனப்பாவது அவளுக்கு மிஞ்சியிருக்கும். அதையும் நானே பிடுங்கிட்டேன்."

போதகர், "விசுவாசம் வேணும்னு கேளுங்க. கேட்டா கொடுப்பாரு" என்றார்.

"யாரைக் கேக்குறது? அங்கதானே எனக்கு இடிக்குது."

போதகர் கூடவே வாசல் வரை வந்து, கேட்டைத் திறந்துவிட்டார்.

மறுநாள் காலை ஆறரைக்கு டிரெஸ்ஸர் மறுபடியும் பையை எடுத்தார். அன்றிலிருந்து போகும் வீடுகளில் ஒன்று, தெருக்கோடியில் தனியாக வாழும் டீச்சரின் வீடு. எண்பது தாண்டிய டீச்சர், இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர், எழவே இல்லை. சென்ற வாரம் ஒருநாள் உள்ளே நுழையும்போதே அவர் மூச்சு மாறியிருந்தது. டீச்சரைப் பார்த்துக்கொள்ள வரும் பக்கத்து வீட்டு அம்மாவைப் போதகருக்குப் போன் பண்ணச் சொல்லிவிட்டு, டிரெஸ்ஸர் வழக்கம்போல் கையுறை மாட்டிக்கொண்டு கட்டைப் பிரித்தார்.

"தம்பி, ஒரு ஜெபம் பண்ணு."

"எனக்கு வராதுங்க டீச்சர். பாஸ்டர் வந்துக்கிட்டே இருக்காரு."

"அதுவரைக்கும் தாங்காதுப்பா."

டீச்சரே பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினார். இரண்டு வரி தாண்டியதும் சொல் அகப்படாமல் உதடுகள் துழாவின. அடுத்த சொல்லை டிரெஸ்ஸர் எடுத்துக் கொடுத்தார். முப்பத்தெட்டு வருடம், தினமும் காலையில் அடுக்களையிலிருந்து மனைவியின் குரலில் காதில் விழுந்த ஜெபம். ஒரு சொல்கூடத் தவறாமல் அவரிடம் இருந்தது. டீச்சர் அதைப் பிடித்துக்கொண்டு மேலே போனார். மறுபடி நின்றார். மறுபடி டிரெஸ்ஸர் கொடுத்தார்.

கடைசியில் "ஆமென்" என்பதை மட்டும் டீச்சர் தானாகவே சொன்னார். சொல்லிவிட்டு, டிரெஸ்ஸரும் சொல்வார் என்று அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

டிரெஸ்ஸர் வாய் திறக்கவில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்கையை டீச்சரின் உள்ளங்கைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார்.