நோரு காத்திருந்த மூச்சு

தல்சூவுக்குச் சத்தம் போட வராது. ஜேஜு தீவின் கிழக்குக் கரையில் அப்படி ஒரு ஆண்பிள்ளை காலம் தள்ளுவது கஷ்டம். காற்று ஓயாத ஊர் அது. பக்கத்து வீட்டில் உப்பு கேட்பதானாலும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். தல்சூ கத்தமாட்டான். கல்சுவரைச் சுற்றி நடந்துபோய், எதிரே நின்று, மெல்லக் கேட்பான். அவன் மாடு தப்பி ஓடினால் பின்னாலேயே போய் அதன் காதில் சொல்லித்தான் திருப்பிக் கூட்டி வருவான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். கேலி பேசியவர்கள் வீட்டுச் சுவர் சரிந்தால் எடுத்து அடுக்கிக் கொடுப்பவனும் அவன்தான் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள்.

அவன் மனைவி ஒக்சின் கடலில் முங்கிச் சிப்பி எடுப்பவள். சுரைக்குடுக்கையைப் பிடித்துக்கொண்டு நீந்திப் போவாள், தலைகீழாக மறைவாள், பிறகு எங்கேயோ ஓரிடத்தில் தலை தெரியும். அடக்கிய மூச்சு அப்போது ஒரு நீண்ட சீழ்க்கையாக வெளியே வரும். முங்குகிற பெண்கள் எல்லோருக்கும் அப்படித்தான் வரும். ஆனால் ஒவ்வொருத்தியின் சீழ்க்கையும் ஒவ்வொரு மாதிரி. வீட்டில் கஞ்சி காய்ச்சிவிட்டு, சிப்பி சுமக்க முதுகுச் சட்டத்தோடு கரைக்கு வந்து உட்கார்ந்திருக்கும் தல்சூவுக்கு அவளுடையது எது என்று கண்ணை மூடிக்கொண்டும் தெரியும்.

கோடையெல்லாம் இப்படிப் போகும். பனி விழுந்துவிட்டால் தல்சூவைப் பிடிக்க முடியாது. காட்டுக்கோழி வேட்டைக்குக் கிளம்பிவிடுவான்.

துப்பாக்கி இல்லாத வேட்டை அது. இரண்டு பேர் புதரைத் தடியால் அடித்துக்கொண்டு போவார்கள். நீளவால் கோழி படபடவென்று எழும்பும். குன்றின் உச்சியில் நிற்கும் ஆள் அது எங்கே இறங்குகிறது என்று பார்த்துக் கத்துவான். நாய்கள் அவன் கத்தலைக் கேட்டு, நிமிர்ந்து அவன் கை காட்டும் திசையைப் பார்த்து ஓடும். மறுபடி எழுப்பும். இரண்டு மூன்று முறை பறந்தால் கோழிக்குச் சிறகு சோர்ந்துவிடும். தலையைப் புல்லுக்குள் நுழைத்துக்கொண்டு கிடக்கும். நாய் கவ்விக்கொண்டு வர வேண்டியதுதான்.

உச்சியில் நிற்பவர் கித்தே. கித்தேயைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல வேண்டுமென்றால், அவர் வளர்த்த பெட்டைநாய் நல்ல நாய். மற்றபடி அவர் தொண்டை, ஊரையே எழுப்பும் தொண்டை. தான் சொன்னதே சரி என்பதும் அந்தத் தொண்டைக்குள்ளேயே குடியிருந்தது. கூட வரும் மூன்றாவது ஆள் யோங்பெக், கித்தே சிரித்தால் சிரிப்பவன்.

அந்த வருடம் வசந்தத்தில் தல்சூவின் கிழட்டு நாய் செத்துப்போனது. நாய் இல்லாதவனுக்கு வேட்டையில் இடம் இல்லை. கித்தே தன் பெட்டை போட்ட குட்டிகளில் ஒன்றைக் காதைப் பிடித்துத் தூக்கிக் கொடுத்தார். மான் நிறம், விறைத்து நிற்கும் வால்.

"வளத்துக் காட்டு. இந்தப் பனிக்காலத்துக்குள்ள ஒரு கோழியாவது புடிக்கணும். புடிக்கலன்னா திருப்பிக் கூட்டிட்டு வந்துருவேன். ஆரஞ்சுத் தோட்டக்காரர் ஒருத்தர் காவலுக்கு நாய் கேட்டுக்கிட்டே இருக்காரு."

அந்தத் தோட்டத்து நாய்களைத் தல்சூ பார்த்திருக்கிறான். சங்கிலி எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அவற்றுக்கு உலகம். குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தான். நோரு என்று பெயர் வைத்தான்.

முதல் பனி விழும் வரை குட்டியை மலை ஏற்றக் கூடாது. அதன் காதுபட அதட்டவும் கூடாது, பயந்துவிடும். கடலோரத்தில் மீன் தின்று வளர வேண்டும், அப்போதுதான் குளிர் தாங்கும் ரோமம் வரும். இதெல்லாம் அந்தப் பக்கத்து வழக்கம். தல்சூ வழக்கத்தை அணுவளவும் மீறவில்லை. அதட்டக் கூடாது என்ற விதி அவனுக்கென்றே செய்தது போலிருந்தது. தினமும் குட்டியைக் கரைக்குக் கூட்டிப் போய்ப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான்.

நோரு கெட்டிக்காரக் குட்டி. கோழிச் சிறகைக் கயிற்றில் கட்டி வாற்கோதுமைத் தாளடியில் இழுத்து ஒளித்து வைத்தால், மூக்கைத் தரையில் ஒட்டிப் போய் எடுத்துவிடும். ஒக்சின் கரையேறும்போது வலைப்பையிலிருந்து சிதறும் சிப்பிகளைக் கவ்விக்கொண்டு வந்து அவள் பைக்குள்ளேயே போடும். ஒன்றில்கூடப் பல் தடம் இருக்காது.

"உங்களவிட இவன் ஒத்தாசையா இருக்கான். கூலி கேக்காம வேல செய்றான்" என்பாள் ஒக்சின்.

"நான் மட்டும் கூலி வாங்கினேனாக்கும்?"

"மூணு வேளைக் கஞ்சி யாரு ஊத்துறா?"

"கஞ்சி காய்ச்சுறதே நான்தானே!"

"அரிசி யாரு வாங்குறா?"

 தல்சூ நோருவின் காதைச் சொறிந்துகொண்டு சிரிப்பான்.

பனி விழுந்தது. முதல் நாள் வேட்டைக்குக் கிளம்பும்போது தல்சூவுக்குக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. புதரை அடித்தார்கள், ஒரு சேவல் எழும்பியது. நோரு அம்பு மாதிரி பாய்ந்தான். கோழி பாறை முகட்டைத் தாண்டி மறைந்தது.

"கருங்கல்லுக்குக் கீழ! கருங்கல்லுக்குக் கீழ!" என்று உச்சியிலிருந்து கித்தே முழங்கினார்.

பெட்டைநாய் கருங்கல்லை நோக்கிப் பறந்தது. நோரு உட்கார்ந்துவிட்டான். காதைப் பின்னுக்குத் தள்ளி, வாலை நீட்டி, பனியில் கல் மாதிரி உட்கார்ந்தான். கித்தே எவ்வளவுக்குக் கத்தினாரோ அவ்வளவுக்கு அசையாமல் இருந்தான்.

"என்னப்பா தல்சூ, உன் புள்ள வெயில் காயுறானா?" என்றான் யோங்பெக். கித்தே சிரித்தார். அதனால் அவனும் சிரித்தான்.

அடுத்த பனிக்கும் அதே கதை. கோழி கண்ணில் படுகிற வரை ஓட்டம், மறைந்ததும் உட்கார்ந்துகொள்வது. தல்சூ பக்கத்தில் ஓடிப்போய் மெல்லத் தட்டினான், கெஞ்சினான், கையால் தள்ளிக்கூடப் பார்த்தான். நோரு அவனை ஒரு பார்வை பார்த்தான். 'கொஞ்சம் பொறு' என்று சொல்வது போல இருந்தது அந்தப் பார்வை.

குன்றிலிருந்து இறங்கி வந்த கித்தே மூச்சு வாங்கியபடி சொன்னார்: "இன்னும் ஒரே ஒரு தடவை. அதுலயும் உக்காந்தான்னா நேரா தோட்டத்துக்குத்தான்."

"குட்டிதானே அண்ணே. ஒரு வருசம் போகட்டுமே."

"என்னது? பேசுறது காதுல விழுற மாதிரி பேசு!"

தல்சூ நோருவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். அன்று தன் பங்கு வாற்கோதுமைச் சோற்றையும் குட்டிக்கே வைத்தான். குட்டி தின்றுவிட்டு அவன் காலடியில் நிம்மதியாகத் தூங்கியது.

காற்று அடங்கியதும் ஒக்சின் கடலுக்குப் போனாள். பனிக்காலத்திலும் வயிறு சும்மா இருக்குமா? தல்சூ வழக்கமான பாறையில் உட்கார்ந்தான், நோரு பக்கத்தில். அவள் தலைகீழாக மறைந்தாள்.

நோரு காதைப் பின்னுக்குத் தள்ளினான். வாலை நீட்டினான். கல்லாகிவிட்டான்.

தல்சூ அதை நூறு தடவை பார்த்திருக்கிறான். அன்றுதான் பார்த்தது மண்டையில் ஏறியது. தண்ணீர் கிழிந்தது, சீழ்க்கை வந்தது. நோரு விசுக்கென்று எழுந்து, கரைவரை ஓடி, சத்தம் வந்த பக்கம் மூக்கை நீட்டி நின்றான். அவள் மறுபடி முங்கினாள். அவன் மறுபடி உட்கார்ந்தான். பிரியமான ஒன்று கண்ணிலிருந்து மறைந்தால் அசையாமல் இருக்க வேண்டும், சீழ்க்கை வந்தபிறகுதான் ஓட வேண்டும். அந்தக் குட்டி பிறந்ததிலிருந்து படித்த பாடம் அது ஒன்றுதான். படிக்க வைத்தவனும் தல்சூவேதான்.

தன் மார்பும் இறுகிப் போயிருப்பதைத் தல்சூ அப்போதுதான் கவனித்தான். அவள் மேலே வந்த பிறகுதான் அவனும் மூச்சு விட்டான்.

முதலில் அவனே சீழ்க்கை அடித்துப் பார்த்தான். முன்பல் இரண்டு போன வாயில் வெறும் காற்றுதான் வந்தது, கூடக் கொஞ்சம் எச்சிலும். நோரு அவன் மோவாயை நக்கிக் கொடுத்தான்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் ஒக்சின் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"நான் எப்படிங்க மலைக்கு வர்றது? கடல்ல முங்குறவ வேட்டைக் குன்று ஏறினா கோழியே பறக்காதுன்னு சொல்லுவாங்களே."

"பறக்கலன்னா நல்லதுதானே. நாய்க்கு வேலை மிச்சம்."

"அந்தக் கித்தே அண்ணன் வாய்க்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களா? அவருக்குக் கேக்குற மாதிரியா?"

"கேக்குற மாதிரி" என்றான் தல்சூ. அதையும் மெல்லத்தான் சொன்னான்.

மூன்றாவது பனி விழுந்த காலையில் ஒக்சின் தலைத்துணியை இறுக்கிக் கட்டி, தோளில் வலைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கைவீசி நடந்தால் எதையோ மறந்த மாதிரி இருக்கிறதாம். குன்றடியில் அவளைப் பார்த்ததும் கித்தேயின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"பொம்பளையக் கூட்டிட்டு வந்திருக்க? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

தல்சூ அவர் எதிரே போய் நின்றான். "நீங்க ஒரே ஒரு தடவைன்னு சொன்னீங்க அண்ணே. அந்த ஒரு தடவைய எப்படி வேணா வச்சுக்கறது என் இஷ்டம். அவ உங்க பக்கத்துல நிப்பா. நோரு ஓடுறப்ப நீங்க கத்தக் கூடாது. ஓடலன்னா சங்கிலிய நானே கொண்டாந்து தர்றேன்."

தல்சூ இத்தனை வார்த்தைகளைச் சேர்ந்தாற்போல் பேசி யாரும் கேட்டதில்லை. கித்தே விருட்டென்று திரும்பிக் குன்றில் ஏறத் தொடங்கினார். ஒக்சின் பின்னாலேயே ஏறினாள். கித்தே தன் பெட்டையை யோங்பெக்கிடம் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். எப்படித்தான் கிழிக்கிறது என்று பார்ப்போம் என்கிற எண்ணம்.

தல்சூ புதரை அடித்தான். கொழுத்த சேவல் ஒன்று சரேலென்று எழும்பியது. நோரு பாய்ந்தான். கோழி முகட்டைத் தாண்டியது. நோரு உட்கார்ந்தான்.

எந்தச் சத்தமும் வரவில்லை. தல்சூ அண்ணாந்து பார்த்தான். உச்சியில் கறுப்பாக இரண்டு உருவங்கள். மூச்சு அடக்காமல் அந்தச் சீழ்க்கை வராது என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். கோழி எழும்பியதும் அடக்க ஆரம்பித்திருப்பாள். கோழி இன்னும் பறந்துகொண்டிருக்கிறது போல. தடி அவன் கையில் அப்படியே நின்றது. கடலும் இல்லை, அலையும் இல்லை, அவள் காய்ந்த தரையில் பத்திரமாக நிற்கிறாள். ஆனாலும் அவன் நெஞ்சு கேட்கவில்லை.

வந்தது சீழ்க்கை. பனிமேல் நீளமாக இழைந்து வந்தது.

நோரு துள்ளி எழுந்தான். குன்றைப் பார்த்தான். ஒக்சின் முழுக் கையையும் நீட்டிக் கிழக்கே காட்டினாள். அவன் கிழக்கே பறந்தான். கோழி மறுபடி எழும்பியது, மறுபடி மறைந்தது, அவன் மறுபடி உட்கார்ந்தான், சீழ்க்கை மறுபடி வந்தது. அதற்குமேல் அந்தச் சேவலுக்குத் தெம்பு இல்லை. காய்ந்த நாணற்புல்லுக்குள் தலையை நுழைத்துக்கொண்டது. நோரு குனிந்து, ஒரு சிப்பியை எடுப்பது போல அதை எடுத்தான்.

தல்சூ மண்டியிட்டு இரண்டு கையையும் விரித்தான். நோரு அவனைத் தாண்டி ஓடினான். குன்றின்மேல் ஏறி, ஒக்சினின் வலைப்பைக்குள் கோழியைப் போட்டுவிட்டு, அடுத்தது எங்கே என்று நின்றான். ஒரு இறகுகூடக் கலையவில்லை.

கித்தே வெகுநேரம் அந்தப் பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். மேலேறி வந்த தல்சூவிடம், "சரி, குட்டி உன்னுதுதான்" என்றார்.

"அவளுது அண்ணே."

"யாருதோ!" என்று எரிந்து விழுந்தார் கித்தே. பிறகு ஒக்சினிடம், தரையைப் பார்த்தபடி, "அடுத்த பனிக்கும் வந்துரு தங்கச்சி. என் தொண்டைக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும்" என்றார்.

இறங்கும் வழியில் ஒக்சின் முன்னால் நடந்தாள். கல்சுவர்கள் தெரியத் தொடங்கிய இடத்தில் நின்றாள்.

"மேலேருந்து பாத்தேன். கோழி மறைஞ்சதும் அவன் உக்காந்தான். நீங்க நின்னீங்க. ரெண்டு பேரும் அசையவே இல்ல. நான் சத்தம் குடுத்த பிறகுதான் உங்களுக்குத் தோள் எறங்குச்சு."

தல்சூ தடியால் பனியைக் கிளறினான்.

"கரையிலயும் தினமும் இப்படித்தான் நிப்பீங்களா?"

"ஆமா" என்றான்.

"இத்தன வருசமாவா?"

அவன் தலையசைத்தான். அவள் வலைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். அன்று கோழியைக் கோதுமை மாவுக் கஞ்சியில் போட்டுக் கொதிக்க வைத்தாள். நோருவுக்கு ஈரலும் கழுத்தும் கிடைத்தன.

காற்று அடங்கியதும் அவள் மறுபடி கடலுக்குப் போனாள். தல்சூவும் நோருவும் பாறையில் உட்கார்ந்தார்கள். அவள் தலைகீழாக மறைந்தாள். நோரு காதைப் பின்னுக்குத் தள்ளினான். தல்சூ மூச்சை இழுத்துப் பிடித்தான்.

சீழ்க்கை எப்போதையும்விடச் சீக்கிரம் வந்தது. அதற்கடுத்ததும் சீக்கிரமே வந்தது. அன்று முழுக்க அப்படித்தான். கரையேறியபோது வலைப்பை பாதிகூட நிரம்பியிருக்கவில்லை. தல்சூ அதை முதுகுச் சட்டத்தில் ஏற்றிக் கட்டினான். ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை.